சித்தூர் அரசுக் கல்லூரி அருகே ஒரு டி.டி.பி. கடை

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரில் தமிழ் படிக்கும் மாணவருக்கு, நூலகத்துக்கும் பேருந்துக்கும் அடுத்தபடியாகத் தேவைப்படுவது ஒரு நல்ல டி.டி.பி. கடை. தமிழில் ஒரு ப்ராஜெக்ட்டைத் தட்டச்சு செய்து, ஆங்கிலத்தில் சான்றிதழ்ப் பக்கம் அடித்து, அலுவலகத்துக்கு மலையாளத்தில் ஒரு விண்ணப்பமும் எழுதி, வேலந்தாவளம் பேருந்து கிளம்புவதற்குள் கையில் கொடுத்துவிடும் கடை அது. அரசுக் கல்லூரிக்கு நடந்து போகும் தொலைவில் அப்படிச் சில கடைகள் இருக்கின்றன. அவற்றுள் தமிழ்த் துறை மாணவர்கள் அதிகம் போகும் ஒன்றைப் பற்றி இங்கே எழுதுகிறேன். போட்டோஸ்டாட், டி.டி.பி., லேமினேஷன் என்று மலையாளத்தில் பெரிதாகவும் தமிழில் சிறிதாகவும் எழுதிய பலகை கொண்ட, இரண்டு கணினிகளும் ஒரு நகல் இயந்திரமும் உள்ள சிறிய கடை. தட்டச்சுக்கு அங்கே தாராளமாகப் போகலாம். ஆனால் எந்த மேசையில் உட்கார்ந்திருப்பவரிடம் கொடுக்கிறோம் என்பதை அறிந்து போக வேண்டும். கெட்டி அட்டைக் கட்டுக்கும் இணைய விண்ணப்பங்களுக்கும் வேறு இடம் பார்ப்பது நல்லது.

1947இல் தொடங்கிய இக்கல்லூரி, பாலக்காடு விக்டோரியா கல்லூரியையும் திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியையும் போலத் தமிழுக்குத் தனித் துறை வைத்திருக்கும் கேரளக் கல்லூரிகளுள் ஒன்று. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லையோர ஊர்களிலிருந்து வரும் மாணவர்களில் பலர், கேரள அரசின் தமிழ்வழிப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள். அவர்களுக்கு மலையாளம் பேச வரும், எழுதத் தயக்கம். தமிழ் எழுத வரும், ஆனால் கணினியில் தமிழை அடிக்கப் பள்ளியில் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். கேரளத்தில் 2024இல் நான்காண்டு இளங்கலைப் படிப்பு வந்த பிறகு அசைன்மென்ட், செமினார், இன்டர்ன்ஷிப் அறிக்கை என்று தாளில் கொடுக்க வேண்டியவை கூடிவிட்டன. ஆகவே கடையின் வாடிக்கையாளர்கள் முதுகலை மாணவர்கள் மட்டுமல்லர். முதலாண்டுப் பிள்ளைகளும் கையெழுத்துத் தாள்களோடு வரிசையில் நிற்கிறார்கள்.

கடையின் இரண்டு மேசைகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைசியில் நமக்குக் கிடைக்கும் கோப்பின் தலையெழுத்தை அதுதான் தீர்மானிக்கிறது.

வாசலை ஒட்டிய மேசையில் நடுவயதைத் தாண்டிய ஒருவர் இருக்கிறார். மாணவர்கள் அண்ணன் என்றே அழைக்கிறார்கள். பொள்ளாச்சியில் தட்டச்சுப் பயிலகத்தில் படித்து, தமிழில் இளநிலை, முதுநிலை இரண்டு தேர்வும் முடித்தவர். அவருடைய வேகம் பார்க்க வேண்டிய ஒன்று: கண் தாளை விட்டு அகலாது, விரல் நிற்காது. கையெழுத்து மோசமாக இருந்தாலும் சொல்லை ஊகித்துச் சரியாக அடித்துவிடுவார். வல்லினம் மிகும் இடங்களில் மாணவர் விட்டுவிட்ட ஒற்றைத் தாமாகவே போட்டுவிடுவதும் உண்டு. பிழை குறைந்த தாள் வேண்டும், அதுவும் இன்று மாலைக்குள் வேண்டும் என்றால் அவரை விட்டால் ஆள் இல்லை.

குறை அவரிடம் இல்லை, அவர் பயன்படுத்தும் பாமினி எழுத்துருவில் இருக்கிறது. பழைய தட்டச்சுப்பொறியின் விசை வரிசையை ஒட்டி அமைந்தது என்பதால் பயிலகத்தில் பழகிய கைக்கு அது இயல்பாக வருகிறது. ஆனால் பாமினியில் கணினியின் நினைவில் இருப்பது தமிழ் எழுத்தே அன்று. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவம் போர்த்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். தமிழ் என்ற சொல்லே அங்கே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என ஐந்து குறிகளாகக் கிடக்கும். அச்சிட்ட தாளில் இது தெரியாது. கோப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறக்கும்போதும், வழிகாட்டி ஆசிரியருக்கு மின்னஞ்சலில் அனுப்பும்போதும், கைப்பேசியில் ஒரு வரியைத் திருத்த முயலும்போதும்தான் தெரியும். பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பை.

எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறை ஒருங்குறி (யூனிகோட்). 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் எழுத்துகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. தமிழக அரசும் 2010இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டுவிட்டது. அதற்குப் பிறகும் கடைகளில் பாமினி நிலைத்திருப்பதற்குக் காரணம் சோம்பல் அன்று. அழைப்பிதழும் நோட்டீசும் அடிக்கும் பழைய பேஜ்மேக்கர் மென்பொருளுக்கு ஒருங்குறித் தமிழ் தெரியாது. கல்யாணப் பத்திரிகையில் வருமானம் பார்க்கும் கடைக்காரர், மாணவரின் முப்பது பக்கத்துக்காகக் கையை மாற்றிப் பழக வேண்டிய அவசியம் இல்லை என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது. மாணவரின் நியாயம் வேறு. ஆய்வேடாக இருந்தால் எண்மப் படியும் (கணினிக் கோப்பும்) சமர்ப்பிக்க வேண்டும். முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு இதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2009 விதிகளிலேயே கட்டாயமாக்கிவிட்டது. பாமினியில் அடித்த ஆய்வேட்டில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. ஒரு மேற்கோளை நகலெடுத்து ஒட்டினால் எழுத்துக் குப்பைதான் வரும். பிறர் எழுத்தோடு 10 சதவீதத்துக்கு மேல் ஒற்றுமை இருந்தால் நடவடிக்கை என்று அக்குழுவின் 2018 விதிகள் சொல்கின்றன. அந்த ஒற்றுமையைக் கண்டுபிடிக்கும் மென்பொருளும் பாமினிக் கோப்பின் முன் கண்ணிழந்து நிற்கும். இதற்காகவே பாமினியை விரும்பிக் கேட்கும் புத்திசாலிகளும் வரிசையில் இருக்கக்கூடும். அவர்களுக்கு இம்மதிப்புரை பயன்படாது.

உள்மேசையில் இருப்பவர் மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு பெண். தமிழ் மாணவர்கள் அவரைச் சேச்சி என்கிறார்கள். அவர் தட்டுவது இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுக்கப்பட்டு, 1991இல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரத்திலும் இடம்பெற்றது அது. இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய். மலையாளத்தில் ககரம் எந்த விசையில் இருக்கிறதோ, தமிழிலும் அதே விசையில்தான் ககரம். மலையாளம் அடிக்கத் தெரிந்தவர் மொழியை மாற்றும் பொத்தானை அழுத்தினால் போதும், தமிழ் அடிக்கலாம். அதுவும் நேராக ஒருங்குறியில். அண்ணனை விட அவர் மெதுவாகத்தான் அடிக்கிறார். ஆனால் அவர் தரும் கோப்பு எந்தக் கைப்பேசியிலும் திறக்கும், தேடும், திருத்த இடம் கொடுக்கும். தலைப்பில் மலையாளமும் உள்ளே தமிழும் கலந்து வரும் ஒப்பிலக்கியக் கட்டுரைகளுக்கு அவரை விடப் பொருத்தமானவர் இந்த வட்டாரத்தில் கிடைப்பது அரிது. எழுத்துருவை மாற்றாமலே ஒரே வரியில் இரண்டு மொழியையும் அடிப்பார்.

அவருடைய தாள்களில் வரும் பிழைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ரகர றகரம், லகர ளகர ழகரம் ஆகியவற்றில் அவர் தவறுவதே இல்லை; மலையாளத்தில் அவை அனைத்தும் தனித்தனி எழுத்துகளாக இருப்பதும், விசைகளும் அதே இடத்தில் இருப்பதும் காரணம். பல தமிழ் மாணவர்களின் கையெழுத்துப் படியில் இருக்கும் லகர ளகரப் பிழைகளைக் கூட அவர் சந்தேகப்பட்டுக் கேட்டுத் திருத்துகிறார். ஆனால் மலையாள எழுத்தில் நகரமும் னகரமும் ஒன்றே. இன்ஸ்கிரிப்டில் இவ்விரண்டும் ஒரே விசையில், ஷிப்ட் இல்லாமல் ஒன்று, ஷிப்டோடு ஒன்று என அமைந்திருப்பதால், மலையாளம் பழகிய விரல் ஷிப்டை மறந்துவிடுகிறது. நன்னூல் என்பது நந்நூல் ஆகும். மனைவி மநைவி ஆவாள். “சேச்சி, இது ரெண்டுசுழி ன” என்று சொன்னால் முகம் சுளிக்காமல், “முழுசும் பார்த்து வட்டம் போட்டுக் கொடுங்க, ஒண்ணா மாத்தித் தரேன்” என்கிறார். முதல் திருத்தத்துக்குக் கட்டணம் வாங்குவதில்லை.

இரு மேசைகளுக்கும் நடுவில் ஒரு வழியும் இருக்கிறது: அண்ணனின் வேகத்தில் பாமினியில் அடிக்கச் செய்து, எழுத்துரு மாற்றி மென்பொருள் ஒன்றைக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்வது. கேட்டால் கடையிலேயே மாற்றித் தருகிறார்கள், கேட்காவிட்டால் தருவதில்லை. மாற்றிய கோப்பை அப்படியே நம்பக் கூடாது. பழைய அச்சு மரபில் ரகர மெய்க்குக் கீழே சாய்ந்த கோடு போடுவதில்லை. அந்தப் பழக்கத்தில் தட்டச்சர்கள் துணைக்காலைப் போட்டு அதன்மேல் புள்ளி வைத்துவிடுவார்கள். தாளில் அது சரியான ர் போலவே தெரியும். ஒருங்குறிக்கு மாறியபின் ‘அவர்கள்’ என்று தேடினால் ஓர் இடம் கூட அகப்படாது, ஏனென்றால் கோப்பில் இருப்பது ரகரமே இல்லை. ஔகாரமும் அப்படியே: கௌரவம் என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ளகரமும் உட்கார்ந்திருக்கும். துணைக்கால் புள்ளியை ரகர மெய்யாக மாற்ற, முழுக் கோப்பிலும் ஒரே கட்டளையில் தேடி மாற்றும் வசதியைப் பயன்படுத்தினால் ஒரு நிமிடத்தில் முடியும். கடையில் அதைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று வாங்குவது மாணவரின் பொறுப்பு.

கட்டணத்தைப் பொறுத்தவரை ஒரு பக்கத் தட்டச்சுக்கு 30 ரூபாய். கைப்பேசியில் தாமே அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அதைப் பக்கமாக அமைத்துக் கொடுக்கப் பக்கத்துக்கு 10 ரூபாய்தான். இந்த இரண்டாவது வழிதான் மாணவருக்கு ஏற்றது என்பது என் கருத்து. கைப்பேசி விசைப்பலகையில் அடிப்பது முதலில் எரிச்சலாக இருந்தாலும், அதில் பிறப்பது ஒருங்குறித் தமிழ். பிழை இருந்தால் அது நம் பிழை, கடைசி நேரத்தில் திருத்தவும் நாமே போதும். மடிக்கணினி உள்ளவர்கள் என்.எச்.எம். ரைட்டர், அழகி, இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்களில் ஒன்றை நிறுவி, 1999இல் தமிழக அரசு அறிவித்த தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொள்ளலாம். விடுமுறையில் தொடங்கினால் பருவத்தேர்வுக்குள் கை வந்துவிடும்.

பக்க அமைப்பில் இக்கடையின் தரம் நடுத்தரம். விண்டோஸின் லதா எழுத்துருவைப் போட்டுவிடுகிறார்கள். அது அகலமானது, பக்கத்தைக் கூட்டும். பக்கக் கணக்கில் கட்டணம் வாங்கும் கடைக்கு அதில் மனக்குறை இருக்காது. விஜயா எழுத்துருவைக் கேட்டு வாங்கலாம், ஆனால் 12 புள்ளியில் அது மிகச் சிறியதாகத் தெரியும் என்பதால் 14 என்று சொல்ல வேண்டும். வரிகளை இருபுறமும் நேராக்கினால் நீண்ட தமிழ்ச் சொற்களுக்கு நடுவே பெரிய வெள்ளை இடைவெளிகள் விழுகின்றன. இடப்பக்கம் மட்டும் நேராக விடச் சொன்னால், அது ஒழுங்கற்றது என்று இரண்டு மேசைகளிலும் தயங்குகிறார்கள். துறையில் கண்டிப்பான விதி இல்லையென்றால் வற்புறுத்திக் கேட்கலாம்.

நகல் எடுப்பதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஒருபக்கத் தாள் 2 ரூபாய், இருபக்கத் தாள் 3 ரூபாய். தாள் 75 ஜி.எஸ்.எம். தரத்தில் இருக்கிறது. எழுத்து நன்றாகப் பதிகிறது. பழைய சங்க இலக்கியப் பதிப்புகளின் மங்கிய பக்கங்களைக் கூட வெளிச்சத்தைக் குறைத்துத் தெளிவாக எடுத்துத் தருகிறார்கள். எடுத்த நகல்களைப் பளபளப்பான பிளாஸ்டிக் உறைக்குள் மாதக்கணக்கில் வைக்க வேண்டாம். டோனர் மை உறையோடு ஒட்டிக்கொண்டு எழுத்து உரிந்துவிடும். கடையிலேயே அந்த உறையை விற்கிறார்கள், எச்சரிக்கை மட்டும் சொல்வதில்லை.

நூலகத்தில் ஒரே படியாக உள்ள பாடநூலை வகுப்பே நகலெடுக்கலாமா என்ற கேள்வி கடையில் அடிக்கடி எழுகிறது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி நகல் கடையின் மீது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்தன. வகுப்புக்காக ஆசிரியர் தேர்ந்தெடுத்த பகுதிகளைத் தொகுத்து நகலெடுப்பது, 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் கற்பித்தலுக்கு அளிக்கும் விலக்குக்குள் வரும் என்று கூறி, தில்லி உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி அமர்வு 2016 செப்டம்பரில் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு சில கேள்விகளை மறுவிசாரணைக்கு அனுப்பியது என்றாலும், அடுத்த ஆண்டு பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றன. ஆகவே பாடத்திட்டப் பகுதிகளை எடுத்துக் கொடுக்கும் கடைக்காரரை நாம் குற்றவாளியாகப் பார்க்க வேண்டியதில்லை. விற்பனையில் இருக்கும் மலிவு விலை நூலை அட்டை முதல் அட்டை வரை நகலெடுப்பது வேறு விஷயம். அந்தப் பணத்தில் நூலையே வாங்கிவிடலாம் என்று அண்ணனே சிலரைத் திருப்பி அனுப்புகிறார்.

சுருள் கட்டு நன்று. கெட்டி அட்டை வேலையைக் கோயம்புத்தூருக்கு அனுப்பி வாங்குகிறார்கள். நாளாகிறது, முதுகில் பொன்னெழுத்து ஒரு பக்கம் சாய்ந்து வருகிறது. பாலக்காட்டுக்கு ஒருமுறை போய்வர முடிந்தவர்கள் நேராக அங்கேயே கொடுத்துவிடலாம்.

இணைய வேலைகளில்தான் இக்கடையை நம்ப முடியவில்லை. இ-கிராண்ட்ஸ் உதவித்தொகை விண்ணப்பம், தேர்வுப் பதிவு, ஹால்டிக்கெட் எல்லாம் செய்து தருகிறார்கள், வாய்க்கு வந்த தொகையைக் கேட்கிறார்கள். 2002இல் மலப்புரத்தில் தொடங்கிய, கேரள அரசின் இணையச் சேவைக்கான அட்சயா மையங்களுக்கு அரசு நிர்ணயித்த கட்டணப் பட்டியல் உண்டு, ரசீதும் உண்டு. சான்றிதழ் வேலைகளுக்கு அங்கே போவதே முறை. அதைவிடக் கவலையானது, வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோப்புகள் கடைக் கணினியில் அப்படியே கிடப்பது. அடுத்தவர் தம் கோப்பைத் தேடும்போது முன்னால் வந்தவரின் ஆதார் அட்டையும் வங்கிக் கணக்குப் புத்தகமும் திரையில் வரிசையாகத் தெரிகின்றன. அழிக்கச் சொன்னால் அழிக்கிறார்கள். தாமாகச் செய்யும் பழக்கம் இல்லை. ஆதாரைக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட படியைத் தரவிறக்கிக் கொடுக்கலாம். மாணவிகள் தங்கள் எண்ணிலிருந்து கோப்பு அனுப்பத் தயங்கி, மின்னஞ்சலையோ பென்டிரைவையோ பயன்படுத்துகிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. ஒவ்வொரு நாள் இரவும் பதிவிறக்கக் கோப்புறையைக் காலி செய்ய ஐந்து நிமிடம் போதும். இத்தனை நன்மை உள்ள கடை இதைச் செய்யாமல் இருப்பது பொறுப்பின்மை என்றே சொல்வேன்.

பழைய ப்ராஜெக்ட்டுகளின் கோப்புகளும் அதே கணினியில்தான் இருக்கின்றன. ‘போன வருஷத்து ஒன்று கொடுங்கள்’ என்று கேட்கும் மாணவர்களுக்கு அண்ணன் கொடுப்பதில்லை. அட்டவணையும் நன்றியுரையும் எப்படி அமையும் என்பதற்கு வெற்று மாதிரி ஒன்றை அச்சிட்டுத் தருகிறார். ஊரில் எல்லாக் கடைகளிலும் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

போவதற்கு நல்ல நேரம் காலை பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள். மாலை நான்கு மணிக்குக் கல்லூரி விட்டதும் கடை நிரம்பிவிடும்; கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போகும் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் பாதியில் எழுந்து ஓடுகிறார்கள், அவர்களுடைய தாள் வேறொருவர் கட்டுக்குள் போய்விடுகிறது. சமர்ப்பிக்கும் வாரத்தில் முந்தைய நாளே கொடுத்துப் பெயரையும் வகுப்பையும் தாளின் முதுகில் எழுதிவைப்பது நல்லது. அந்த வாரம் பெரும்பாலும் மாசியில், மலையாளிகளின் கும்ப மாதத்தில் வரும். கொங்குப் படையைச் சித்தூர்ப் பகவதி விரட்டியதைக் கொண்டாடும் கொங்கன்படைத் திருவிழாவும் அம்மாதத்தில்தான். கொங்கு நாட்டுப் பக்கமிருந்து வரும் மாணவர்களும் வேடிக்கை பார்க்கக் கூட்டத்தில் நிற்பார்கள். அன்று கடை திறக்காது. ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டியவர்கள் விழாத் தேதியை முன்கூட்டியே பார்த்து, அதற்கு இரண்டு நாள் முன்பாகவாவது உள்மேசைக்குத் தாளைச் சேர்த்துவிட வேண்டும்.